ஈமக் கலத்தின் மூடியில் பறவை: நீலகிரி, ஆதிச்சநல்லூர்ச் சான்றுகள்

1. ஆய்வுப் பொருள்

ஈமக் கலங்களில் பறவை உருவம் கிடைத்தால், அதை உடலைவிட்டுப் பிரிந்த உயிரின் குறியீடாகக் கொள்வது வழக்கம். தமிழகச் சான்றுகள் இக்கருத்துக்கு இடம் தருகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சான்றுகள்

2.1 நீலகிரி

மலைமுகடுகளிலுள்ள கல்வட்டங்களையும் கற்குவைகளையும் நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தோண்டினார். அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. அங்குக் கிடைத்த சுடுமண் கலங்கள், சிறு பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற தோற்றமுடையவை. மூடியின் உச்சியில் ஓர் உருவம் நிற்கும். மூடியைத் தூக்கும் பிடியும் அதுவே. பறவை, எருமை, மான், குதிரை, மனிதர் என அவ்வுருவங்கள் பலவகை. எருமையே மிகுதி.

2.2 ஆதிச்சநல்லூர்

தாமிரபரணிக் கரையிலுள்ள இத்தாழிக்காட்டில் 1876இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். ரீ கண்டெடுத்த வெண்கலக் கலங்களில் பறவைகளோடு எருமை, ஆடு ஆகியவையும் உள்ளன. 2004-05 அகழாய்வில் கிடைத்த பானை ஓடொன்றில் பெண், நெற்பயிர், கொக்கு, மான், முதலை ஆகியவை புடைப்பாக ஒட்டப்பட்டுள்ளன.

3. ஆய்வு

3.1 இடம்

மூடியின் உச்சி பறவைக்கென ஒதுக்கப்பட்ட இடமன்று. அதே இடத்தில் எருமையும் நிற்கிறது. பறவையை உயிர் என்றால் எருமையை என்னவென்பது?

3.2 சூழல்

ஆதிச்சநல்லூர் ஓட்டில் கொக்கு நெற்பயிரோடும் முதலையோடும் வருவது ஆற்றங்கரை வாழ்வின் காட்சி. நீலகிரியின் எருமையும் மலைவாழ் மக்களின் செல்வமே. இரண்டிடத்தும் அவரவர் நிலத்தின் உயிர்களே கலத்தில் ஏறியுள்ளன.

3.3 நேர்த்திக்கடனிலிருந்து வேறுபாடு

புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் குயவர்களான வேளார் செய்யும் சுடுமண் குதிரைகளாகிய புரவிகள் வண்ணம் தீட்டப்பட்டு, புரவியெடுப்பு விழாவின்போது நேர்த்திக்கடனாக ஐயனார் கோயிலில் நிறுத்தப்படுகின்றன. அவை தனித்து நிற்கும் காணிக்கை. வேண்டியவர் உயிரோடிருந்து செலுத்துவது. மூடிப் பறவையோ கலத்தின் உறுப்பு. கலத்தோடு மண்ணுக்குள் போவது. இரண்டையும் ஒரே வழிபாட்டு மரபில் சேர்க்க இயலாது.

4. முடிவு

இச்சான்றுகளைக் கொண்டு உயிர்ப்பறவைக் கொள்கையை நிறுவ முடியாது. இறந்தவர் வாழ்ந்த நிலத்தை அவரோடு அனுப்பிவைக்கும் எண்ணம் என்பதே பொருந்தும் விளக்கம். மூடியைத் தனிச் சிற்பமாகக் காட்சிக்கு வைக்கும்போது இச்சூழல் அறுந்துவிடுகிறது. மூடி, கலம், உள்ளிருந்த எலும்பு மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்து ஆவணப்படுத்துவதே அகழாய்வாளரும் அருங்காட்சியகங்களும் முதலில் செய்ய வேண்டிய பணி.