ஒன்பது வோல்ற் ஆடலோட்டம்

1983 யூலை 15ஆம் திகதி யப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபமிகொம்’ என்ற விளையாட்டுப் பெட்டியை 14,800 யென் விலையில் விற்பனைக்கு விட்டது. ஒன்பது நாள் கழித்து, 24ஆம் திகதி, கொழும்பில் தமிழர் வீடுகள் எரியத் தொடங்கின. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில், என் கராஜ் மேசையில் அந்தப் பெட்டி இன்று திறந்து கிடப்பதற்கு இரண்டுமே காரணம்.

பெட்டி என் தங்கையின் மகனுடையது. இங்கே பிறந்தவன், பதினேழு வயது. பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் தேடி வாங்குவது அவனுடைய பொழுதுபோக்கு. யப்பானிலிருந்து வரவழைத்த ஃபமிகொம் ஒன்று. அதே இயந்திரத்தின் வெளிநாட்டு வடிவமான ‘என்ஈஎஸ்’ இன்னொன்று, பழைய சாமான் கடையில் எடுத்தது. 1987இல் அவுஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த வகை அது. இரண்டிலும் விளையாட்டைச் சுமக்கும் சில்லுகள் நன்றாக இருந்தன. பழுதானது மின்வழங்கிதான். பழைய இயந்திரங்களில் முதலில் சாவது பெரும்பாலும் அதுதான்.

மின்வழங்கிக்கு ஒரு ஊர் உண்டு. சில்லுகளுக்கு உலகம் முழுவதும் ஒரே தேவை, 5 வோல்ற் நேரோட்டம். ஆனால் சுவரில் வரும் மின்சாரம் நாட்டுக்கு நாடு வேறு. யப்பானில் 100 வோல்ற். அந்த நாட்டுக்குள்ளேயே இரண்டு அலைவெண்கள் வேறு. 1890களில் டோக்கியோ ஜேர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வாங்கின. அதனால் இன்றும் கிழக்கு யப்பானில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60. இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் 240 என்று இருந்து, 2000இல் தரநிர்ணயம் 230 ஆக மாற்றப்பட்டது. ஆகவே லக்சபானாவின் மின்சாரத்துக்குச் செய்த வானொலியைச் சிட்னியில் செருக, பிளக்கின் முனைகளை மாற்றினால் போதும். யப்பானிய அடப்டரை அப்படிச் செருகினால் அதன் மின்மாற்றி சூடேறிக் கருகிவிடும்.

ஃபமிகொமின் அடப்டர் 100 வோல்ற்றை இறக்கி, நேரோட்டமாக்கி, 10 வோல்ற் கொடுக்கும். அதன் முனையில் நடுப்பகுதி எதிர், வெளிப்பகுதி நேர். இன்று கடையில் வாங்கும் அடப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறு. முனை பொருந்துகிறதே என்று செருகினால் பெட்டி கெடலாம். என்ஈஎஸ்ஸுக்குச் செய்த அடப்டர் இன்னொரு வகை. அது வோல்ற்றை இறக்குவதோடு நின்றுவிடும். வெளியே வருவது 9 வோல்ற் ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்கும் வேலை பெட்டிக்குள்ளேயே நடக்கிறது.

அந்தப் பகுதியைத் திறந்து காட்டியபோது மருமகன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றது வேறு ஒன்றை. நான்கு இருவாயிகள் சேர்ந்த ஒரு பாலம், 2200 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று, அதை அடுத்து 7805 என்ற மூன்று கால் சில்லு. முதல் இரண்டையும் நான் 1991இல் யாழ்ப்பாணத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு பலகைத் துண்டில், ஈயம் உருக்கி ஒட்டியபடி.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளோடு பற்றரியும் இருந்தது. செய்தி கேட்க வானொலி வேண்டும், வானொலிக்கு மின்சாரம் வேண்டும். அப்போதுதான் சைக்கிள் டைனமோ வீட்டுக்குள் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், சில்லோடு உரசும் டைனமோ 6 வோல்ற் அளவில் மின்சாரம் தரும். ஆனால் அது ஆடலோட்டம். விளக்கு எரிய அது போதும், வானொலிக்கு ஆகாது. நேரோட்டமாக்க இருவாயி வேண்டும். எங்கள் அண்ணர் செத்துப்போன ஒரு வானொலியிலிருந்து நான்கைக் கழற்றினார். கொள்ளளவி பழைய ரிவி ஒன்றிலிருந்து வந்தது.

ஒரே ஒரு இருவாயியோடு செய்தவர்களும் இருந்தார்கள். அதில் அலையின் ஒரு பாதி வீணாகும், வானொலி உறுமும். நான்கு போட்டால் இரண்டு பாதியும் பயன்படும். பெரிய கொள்ளளவி போட்டால் உறுமல் அடங்கும். மிச்சம் இருந்தது வேகம். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறும், மெதுவாகச் சுற்றினால் குரல் தேயும். பிபிசி தமிழோசை தொடங்கி முடியும் வரை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. என்ஈஎஸ்ஸுக்குள் 7805 செய்வதும் அதுதான். உள்ளே வரும் வோல்ற் எப்படி ஏறி இறங்கினாலும் வெளியே 5 மட்டும் விடும்.

இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். “அப்ப நீங்கள்தான் ரெகுலேற்றரா மாமா?” என்றான். “ஓம், சம்பளம் இல்லாத ரெகுலேற்றர்” என்றேன்.

அவன் அடுத்துக் கேட்டது சொற்களைப் பற்றி. இருவாயி என்றால் என்ன, கொள்ளளவி என்றால் என்ன? இலங்கையில் பௌதிகவியலைத் தமிழில் படித்தவர்களுக்கு இவை பாடப்புத்தகச் சொற்கள். ஆடலோட்டம், நேரோட்டம், சீராக்கம் எல்லாம் அப்படி வந்தவை. தமிழ்நாட்டில் படித்தவர்கள் கொள்ளளவியை மின்தேக்கி என்பார்கள், ஆடலோட்டத்தை மாறுதிசை மின்னோட்டம் என்பார்கள். எங்கள் தலைமுறையில் பரீட்சைக்குப் படித்த சொற்கள், மின்சாரம் போன வருடங்களில் கைவேலைக்கு உதவின. இருட்டில் யாராவது “இருவாயியைத் திருப்பிப் போடு” என்றால், எதைத் திருப்ப வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்திருந்தது. மருமகனுக்குத் தமிழ் என்பது அம்மம்மாவோடு பேசுவதும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடமும். தமிழில் ஒரு மின்சுற்றை விளக்க முடியும் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

வேலைக்கு வருவோம். மின்வழங்கியில் முதலில் போவது கொள்ளளவி. அதனுள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். 85 பாகை வெப்பத்தில் 2000 மணித்தியாலம் உழைக்கும் என்று குறித்திருந்தால், பத்துப் பாகை குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். என்ஈஎஸ்ஸுக்குள் சூட்டுக்குக் குறைவில்லை. 9 வோல்ற் ஆடலோட்டம் சீராக்கப்பட்டபின் 11 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். அதில் 5 போக மிச்சத்தை 7805 வெப்பமாகவே கழிக்கிறது. அதாவது உள்ளே வருவதில் பாதிக்கு மேல் சூடாகிப் போகிறது. கொள்ளளவி வற்றினால் ரிவியில் கோடுகள் உருளும், ஒலியில் 100 ஹேர்ட்ஸ் உறுமல் வரும். அந்த உறுமலைக் கேட்டவுடன் எனக்கு மீற்றர் தேவைப்படவில்லை.

கொள்ளளவியை மாற்றினோம். 7805க்குப் பதிலாக, சூடேறாமல் அதே வேலையைச் செய்யும் சிறிய ஆளிவகைச் சீராக்கியைப் போட்டோம். என்ஈஎஸ்ஸுக்குள் இருவாயிப் பாலம் இருப்பதால், வெளியிலிருந்து நேரோட்ட அடப்டர் கொடுத்தாலும், முனை எந்தப் பக்கமாக இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஃபமிகொமில் பாலம் இல்லை. அதற்கு நடுமுனை எதிராக உள்ள அடப்டர்தான் வேண்டும். இதற்குப் பிந்திய பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட் போன்றவற்றில் சுவர் மின்சாரம் நேரே பெட்டிக்குள் போகிறது. 230 வோல்ற் அங்கே சீராக்கப்பட்டு 320க்கு மேல் ஏறி, பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் கொள்ளளவியில் நிற்கும். பிள்ளைகள் அவற்றைத் தாங்களாகத் திறக்கவே கூடாது. டைனமோ ஒருவரையும் கொன்றதில்லை, இது கொல்லும்.

முடிந்ததும் மருமகன் யோசனையோடு நின்றான். “ஆனா மாமா, இனி இது ஒரிஜினல் இல்லையே?” சேகரிப்பவர்களிடையே இது பெரிய விவாதம். கழற்றியதைத் தூக்கி எறியாமல் உறையில் போட்டுத் திகதி எழுதி வை என்றேன். விளையாட்டு இருப்பது சில்லிலும் கட்டை விரலிலும். மின்வழங்கி இருக்கும் ஊருக்கு ஏற்ப மாற வேண்டியது. மாற்றாத பெட்டி கண்ணாடிக்குள் அழகாக இருக்கும், ஆனால் அதில் ஒருவரும் விளையாட முடியாது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இடப்பெயர்வும் குண்டுவீச்சும் பதுங்குகுழியும் அவற்றில் இருக்கின்றன. டைனமோ வானொலி பெரும்பாலும் ஒரு வரியில் வந்து போகிறது. அந்த ஒரு வரிக்குள் ஒரு தொழில்நுட்பம் இருந்தது. எத்தனை இருவாயி, எந்த வானொலியிலிருந்து கழற்றியது, ஈயம் எங்கே கிடைத்தது, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளை ஓட வைத்தது எப்படி, படம் பார்க்க வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றரின் வோல்ற்றை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள். இதைச் செய்தவர்களில் பலருக்கு இன்று அறுபது எழுபது வயது. வென்ற்வேர்த்வில்லிலும் தூங்காபியிலும் மெல்பேர்னின் டண்டினோங்கிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் பழுதான பெட்டியை மேசையில் வைத்து “இது எப்படி வேலை செய்யும்?” என்று கேட்டால் சொல்லுவார்கள். பேட்டி என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் சொல்ல மாட்டார்கள். கையில் திருப்புளி இருந்தால்தான் அந்த வருடங்கள் அவர்களுக்குப் பேச்சாக வரும்.

மருமகன் இப்போது ஒரு கொப்பியில் அந்தச் சுற்றை வரைந்து வைத்திருக்கிறான். ஒரு பக்கத்தில் என்ஈஎஸ், எதிர்ப்பக்கத்தில் எங்கள் வீட்டு வானொலி. சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறான். ‘கொள்ளளவி’யில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது. வாற கிழமை அண்ணர் மெல்பேர்னிலிருந்து வருகிறார். இருவாயிகளை எந்த வானொலியிலிருந்து கழற்றினார் என்பதை அவரிடம் கேட்க, பக்கத்தின் கீழே இடம் விட்டிருக்கிறான்.