கடற்கரையும் கவறும்

கடலைக் கண்ணால் காணாத ஊர் எங்கள் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவில் வட்டாரத்தில் வானத்து மழையை நம்பி வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வூரான் ஒருவன் கடற்கரையில் எழுந்த சூதாட்டக் கூடத்தைப் பற்றிப் பேச முன்வருவது நேயர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு திருவிழாவில் சாக்கை விரித்து மூன்று சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவனிடம், பென்சில் வாங்க வீட்டில் கொடுத்த காசை இழந்தேன். என் காசு போகட்டும். அன்றைய கூலியை அப்படியே தொலைத்தவர்களும் அங்கே நின்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் திரண்டு முறையிடவே, பெரியவர்கள் அவனை அன்று மாலையே ஊர் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். விரித்தவன் தனி ஒருவன். ஆகவே காரியம் எளிதாயிற்று. அரசாங்கமே சாக்கை விரிக்க எண்ணினால் ஊரார் என்ன செய்ய இயலும்? மாணவர்களே, இந்தக் கேள்வி சிங்கப்பூரில் இரண்டு முறை எழுந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நகரம் அது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆதலால் அக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

1819இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ராபிள்ஸ் அத்தீவில் ஒரு துறைமுகத்தை நிறுவினார். வந்துபோகும் சரக்குகளுக்குச் சுங்கம் இல்லை என்பது அவர் வகுத்த கொள்கை. கொள்கை உயர்ந்ததுதான், ஆனால் காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ராபிள்ஸ் அயலூரில் இருந்த காலத்தில், நிர்வாகத்தை நடத்திய வில்லியம் பர்குவார் 1820இல் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டார். திரும்பி வந்த ராபிள்ஸ் சினங்கொண்டு 1823இல் சூதாட்டத்தைத் தடைசெய்தார். அவர் கப்பலேறிய பின்னர், அடுத்து வந்த ஜான் கிராபர்ட் அதே குத்தகையை மீண்டும் கொண்டுவந்தார். அதன் வருமானம் பெருகியது. கண்டனமும் உடன் பெருகியது. நகரத்து ஜூரி சபை அதனை ஒழுக்கக்கேடு என்று கண்டித்தது. 1829இல் குத்தகை ஒழிந்தது. கஜானாவுக்கு நட்டம் என்று தெரிந்தும் நடந்த காரியம் அது என்பதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம். சுதந்திரம் பெற்ற சிங்கப்பூர் சூதாட்டத்தை அறவே விலக்கிவிடவில்லை. கள்ளச் சூதாட்டத்தை அடக்குவதற்கென்று 1968இல் அரசே லாட்டரி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் தமிழகத்திலும் அரசு லாட்டரி பிறந்தது. 2003இல் இங்கே அது தடைசெய்யப்பட்டது. ஆயினும் காசினோ எனப்படும் சூதாட்டக் கூடத்தை மட்டும், நெடுங்காலம் பிரதம மந்திரியாக இருந்த லீ குவான் யூ ஏற்க மறுத்தே வந்தார்.

2004 மார்ச்சில் வர்த்தக மந்திரி ஜார்ஜ் இயோ அந்த எண்ணத்தைப் பாராளுமன்றத்தில் வெளியிட்டார். குறிக்கப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று மரீனா விரிகுடா: கடலைத் தூர்த்து எடுத்து, பெரும்பகுதி கட்டடமின்றிக் கிடந்த கரை. மற்றொன்று செந்தோசாத் தீவு. மலாய் மொழியில் அப்பெயருக்கு அமைதி என்று பொருள்! பொதுவில் அதிகம் வாதாடிப் பழகாத அந்நகரம் ஓராண்டுக்கு மேல் வாதாடியது. கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயத்தாரும் சமூக ஊழியரும் எதிர்த்தனர். சூதாட்ட அச்சுறுத்தலை எதிர்க்கும் குடும்பங்கள் என்னும் பொருளில் பெயர் பூண்ட ஓர் அமைப்பு ஏறக்குறைய 30,000 கையொப்பங்களைத் திரட்டியது. அவர்கள் எழுப்பிய வினா ஒன்றே: லாபம் நாட்டுக்கு என்கிறீர்கள், நட்டம் எந்த வீட்டுக்கு?

அரசு தரப்பிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. சுற்றுலாப் பயணிகளை அண்டை நாடுகள் ஈர்த்துக்கொண்டிருந்தன. இரண்டு விடுதி வளாகங்களாலும் சுமார் 35,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று கணக்கிட்டனர். மந்திரிசபைக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்தது. முடிவில் 2005 ஏப்ரல் 18ஆம் நாள் பிரதம மந்திரி லீ சியன் லூங் இரண்டு வளாகங்களுக்கும் அனுமதியை அறிவித்தார். லீ குவான் யூவும் தாம் மனம் மாறியதை ஒப்புக்கொண்டார். 2010இல் பிப்ரவரியில் செந்தோசாவிலும், ஏப்ரலில் மரீனா விரிகுடாவிலும் கூடங்கள் திறக்கப்பட்டன.

எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்று இவ்விடத்தில் நூலை மூடிவிடுவோர் உண்டு. நான் 2006ஆம் ஆண்டின் காசினோ கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். வெளிநாட்டவர் கட்டணமின்றி நுழையலாம். சொந்தக் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமோ ஒரு நாளுக்கு 100 வெள்ளி, ஆண்டுக்கானால் 2,000 வெள்ளி செலுத்தியாக வேண்டும். தன் நாட்டான் உள்ளே வரக் கூசவேண்டும் என்று அரசே தன் வாயிலில் வேலியிட்ட விசித்திரம் இது! இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு அனுமதியில்லை. 2019இல் அக்கட்டணம் 150 வெள்ளியாகவும் 3,000 வெள்ளியாகவும் உயர்ந்தது.

அச்சட்டத்தில் மற்றுமொரு விதி உண்டு. சூதில் அழியும் ஒருவரை உள்ளே விடலாகாது என்று அவருடைய மனைவியோ, கணவரோ, பெற்றோரோ, பிள்ளைகளோ விண்ணப்பிக்கலாம். விசாரித்துத் தடையாணை பிறப்பித்தால், அவர் எத்தனை வெள்ளி நீட்டினாலும் கதவு திறக்காது. அதைப் படித்தபோது எனக்கு, அன்று திருவிழாவில் சாக்கைச் சூழ்ந்து நின்று முறையிட்ட எங்கள் ஊர்ப் பெண்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.