கும்பினியின் கணக்கு

கொல்கத்தாவின் தென்மேற்கே பெஹாலாவில் பரிஷா என்றொரு பகுதி உண்டு. அங்கு வாழ்ந்த சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து, 1698-ஆம் ஆண்டில் ரூ. 1,300 கொடுத்து மூன்று கிராமங்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கும்பினி பெற்றது. அவையே பின்னர் மாநகராய் வளர்ந்தன.

பங்குதாரர் பலரின் முதலால் நடந்தது அக்கும்பினி. முதலாளிகள் லண்டனில் இருந்தனர்; வங்கத்துக் கணக்கை எழுதி அனுப்பியவர்களோ கும்பினியின் ஊழியர்கள். அவர்களே சொந்த வியாபாரமும் செய்து பொருள் குவித்தனர். செலவு செய்தவரே கணக்கும் எழுதினால், பிழையைச் சுட்டுவார் யார்?

1770-இல் வங்கம் கொடும் பஞ்சத்தில் வாடியது. ஆயினும் 1771-இல் லண்டனில் லாப ஈவு நூற்றுக்கு 12½ ஆக உயர்ந்தது! மறு ஆண்டே கும்பினி கடன் தீர்க்க வழியின்றி அரசாங்கத்தை நாடிற்று. பார்லிமெண்டு குழு அமைத்து அதன் ஏடுகளை ஆராய்ந்தது. 1773-இல் 14 லட்சம் பவுன் கடன் தந்து, லாப ஈவுக்கும் வரம்பு கட்டிற்று. வெளியார் கண் பட்டது வீடு எரிந்த பின்னரே.

நமது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியில் ஒரே ஆடிட்டர் நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கலாகாது. தான் தணிக்கை செய்யும் கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரவும் கூடாது. ஆடிட்டரை நியமிப்போர் பங்குதாரர்கள். எனினும் பெயரை முன்வைப்பது இயக்குநர் குழுவே. ஆகவே சட்டம் வேலி மட்டுமே. கேள்வி கேட்கும் பங்குதாரரே உண்மைக் காவல் என்பது நமது துணிபு.