தங்க முயலும் தகரப் பெட்டியும்



வகுப்பில் நான் அரசர்களையும் போர்களையும் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன். விளையாட்டுகளுக்கும் வரலாறு உண்டு என்பதைச் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. இப்போது நேரம்தான் நிறைய இருக்கிறதே! அதனால் இன்று ஒரு விளையாட்டின் வரலாறு. கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

விடுகதை போன்ற குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு காடு மேடு என்று நடந்து, ஒளித்து வைத்த பொருளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. புதையல் வேட்டை நடை என்று சொல்லலாம். இங்கிலாந்தில் இது வெகு பிரபலம். அங்கே நடந்த இரண்டு வேட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. ஒன்றில் புதையல் தங்கம். இன்னொன்றில் புதையல் வெறும் ரப்பர் முத்திரை. தங்க வேட்டை மூன்று ஆண்டுகூட நிலைக்கவில்லை, மனக்கசப்பில் முடிந்தது. ரப்பர் முத்திரை வேட்டை இன்றும் நடக்கிறது.

முதலில் பழையதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. சுமார் 950 சதுர கிலோமீட்டர். மரங்கள் குறைவு. புல்வெளி, சதுப்பு, ஆங்காங்கே கருங்கல் பாறைக் குன்றுகள். மட்டக் குதிரைகளும் ஆடுகளும் திரியும். நினைத்த நேரத்தில் மூடுபனி இறங்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் புகழ்பெற்ற அந்த வேட்டை நாய் கதை நடப்பது இங்கேதான்.

இந்த மேட்டு நிலத்தின் வடபகுதியில், எளிதில் போய்ச் சேர முடியாத இடத்தில் கிரான்மியர் குளம் இருக்கிறது. பெயர்தான் குளம். தண்ணீர் இல்லை, சதுப்புப் பள்ளம் மட்டுமே. தண்ணீர் போன கதையை அவ்வூர்க்காரர்கள் இப்படிச் சொல்வார்கள். ஒரு பாவியின் ஆவிக்குத் தண்டனையாக, சல்லடையால் இந்தக் குளத்தை இறைத்துக் காலி செய்யச் சொன்னார்களாம். ஆவி புத்திசாலி. ஓர் ஆட்டுத்தோலை எடுத்துச் சல்லடைக்குள் விரித்து, குளத்தையே இறைத்து முடித்துவிட்டதாம்! எந்த ஊராக இருந்தால் என்ன, கிராமத்துக் கதைகளின் சுவையே தனி.

1854ஆம் ஆண்டு, சாக்ஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியரில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். "நானும் வந்தேன்" என்பதற்குச் சாட்சி. அவ்வளவுதான் தொடக்கம்.

பிறகு புட்டி போய்த் தகரப் பெட்டி வந்தது. 1905இல் வருகைப் பதிவேடு வந்தது. அழகான ஒரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. வருகிறவர் தன் முகவரியை எழுதி, தபால்தலை ஒட்டிய ஓர் அஞ்சலட்டையைப் பெட்டியில் வைப்பார். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். அட்டை வீடு வந்து சேர எத்தனை நாள் ஆகிறதோ, அத்தனை நாள் அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை என்று அர்த்தம்! இதனால்தான் இந்த விளையாட்டுக்கு 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயர்.

முகம் தெரியாத ஒருவர் தன் அட்டையை மறக்காமல் தபாலில் போடுவார் என்று நம்பி, ஒருவர் ஆளில்லாத சதுப்பில் விட்டுவிட்டு வருகிறார். அந்த நம்பிக்கைதான் விளையாட்டின் அடித்தளம்.

1937இல் ஓர் உள்ளூர் நாளிதழ் வாசகர்களிடம் நன்கொடை திரட்டி, கிரான்மியரில் கல்லால் ஆன பெட்டியே கட்டியது. 1938இல், டார்ட்மூரைப் பற்றி அரிய வழிகாட்டி நூல் எழுதிய வில்லியம் கிராஸிங் நினைவாக டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொரு பெட்டி வந்தது. 1970களுக்குப் பிறகு பெட்டிகள் பெருகின. இன்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். கண்டுபிடித்தவர் பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். தன் சொந்த முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்துவார். பெட்டியை எடுத்த இடத்திலேயே ஒளித்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்று ஒரு சங்கமே உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும் (இது நானே அமைத்த மாதிரி): "குன்றின் உச்சி 40 டிகிரி. ஒற்றை மரம் 130 டிகிரி. தட்டைப் பாறையிலிருந்து 15 தப்படி தெற்கே."

என்.சி.சி. முகாமில் வரைபடப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். திசைகாட்டியில் குன்று 40 டிகிரியிலும் மரம் 130 டிகிரியிலும் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி அது. ஆனால் ஒரு டிகிரி பிசகினால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 17 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். அந்த 17 மீட்டருக்குள் நூறு பாறைகள் இருக்கும்! "முக்கோணவியல் வாழ்க்கையில் எதற்கு சார் உதவும்?" என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டவர்கள் கவனிக்கவும்.

விதிகளும் உண்டு. பழங்காலக் கல்வட்டங்களிலும் கல் சுவர்களிலும் பெட்டியை ஒளிக்கக் கூடாது. கல்லைப் பெயர்க்கக் கூடாது. மண்ணைத் தோண்டக் கூடாது.

இனி தங்கத்தின் கதை.

1979இல் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்க்கரேட்' என்ற படக்கதைப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் 15 ஓவியங்கள். கற்கள் பதித்த ஒரு தங்க முயலைத் தன் கையாலேயே செய்து, மண் கலயத்தில் வைத்து, இங்கிலாந்தில் ஓரிடத்தில் புதைத்தார். தொலைக்காட்சியில் வினாடி வினா நடத்திப் புகழ்பெற்ற பாம்பர் காஸ்காயின் சாட்சி. இடம் எது என்பது ஓவியங்களுக்குள் ஒளிந்திருந்தது.

புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நாடெங்கும் மக்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். முயலின் பெயரை ஒத்த பெயர் கொண்ட ஒரு குன்றில் தோண்டல் தொல்லை தாங்காமல், "முயல் இங்கே இல்லை" என்று பலகையே வைக்க வேண்டியதாயிற்று.

உண்மையான விடை அழகானது. ஓவியத்தில் உள்ள ஒவ்வோர் உருவத்தின் கண்ணிலிருந்தும் விரல் நுனி வழியாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு ஓரத்தில் உள்ள ஓர் எழுத்தைத் தொடும். எழுத்துகளைச் சேர்த்தால் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஆம்ப்ட்ஹில் பூங்காவுக்கு வழி கிடைக்கும். அங்கே ஒரு கற்சிலுவை நிற்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், நண்பகலில் அந்தச் சிலுவையின் நிழல் நுனி எங்கே விழுகிறதோ, அங்கேதான் முயல்.

அந்தச் சிலுவைக்கும் வரலாறு உண்டு. எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி அரசி கேத்தரின், 1533இல் தன் திருமணம் செல்லாது என்று தீர்ப்பான காலத்தில் தங்கியிருந்தது ஆம்ப்ட்ஹில் கோட்டையில்தான். அவர் நினைவாக 1773இல் எழுப்பியது அந்தச் சிலுவை. நாம் பத்து மதிப்பெண் வினாவாகப் படித்த விவாகரத்து, ஒரு விளையாட்டில் நிழலாக வந்து விழுகிறது பாருங்கள்!

1982இல் கென் தாமஸ் என்ற பெயரில் ஒருவர் சரியான இடத்தைக் கிறுக்கல் வரைபடமாக அனுப்பினார். பரிசு அவருக்குப் போனது. ஆனால் அவர் ஓவியப் புதிரை முறையாக விடுவித்திருக்கவில்லை.

அதே நேரத்தில் மைக் பார்க்கர், ஜான் ரூசோ என்ற இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் புதிரை முழுமையாக விடுவித்திருந்தார்கள். ஆம்ப்ட்ஹில்லுக்குப் போய்த் தோண்டவும் செய்தார்கள். கலயம் அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்களின் விடைக் கடிதம் வந்து சேர்ந்தபோது பரிசு முடிவாகிவிட்டது.

1988இல் சண்டே டைம்ஸ் செய்தித்தாள் மீதிக் கதையை வெளியிட்டது. கென் தாமஸ் என்பது புனைபெயர். அவருடைய தொழில் கூட்டாளியின் தோழி, முன்பு ஓவியரோடு வாழ்ந்தவர். ஆம்ப்ட்ஹில் என்ற துப்பு அந்த வழியாகத்தான் கிடைத்தது என்றது செய்தி. முயலைப் பரிசாகக் காட்டி அவர் நடத்திய கணினி விளையாட்டு நிறுவனமும் நொடித்துப்போக, அதே ஆண்டு முயல் ஏலத்துக்கு வந்து 31,900 பவுண்டுக்குப் போனது. செய்தவர் அதை மறுபடி கண்ணால் பார்த்தது 2009இல்தான்.

இரண்டையும் யோசித்துப் பாருங்கள். தங்கம் இருந்ததால் புதிருக்கு வெளியே குறுக்கு வழி தேடுவது லாபமாயிற்று. டார்ட்மூர் பெட்டியில் அப்படி ஏமாற்றி என்ன கிடைக்கும்? நடக்காமல் குத்திக்கொண்ட முத்திரைக்கு யாரிடம் மதிப்பு? அங்கே பரிசே நடைதான். தங்கத்தை ஒருவர் எடுத்ததும் ஆட்டம் முடிந்தது. முத்திரையை ஆயிரம் பேர் எடுத்தாலும் அடுத்தவருக்கு அது அங்கேயே இருக்கிறது.

அந்த இரண்டு ஆசிரியர்களுக்கு முயல் கிடைக்கவில்லை. ஆனால் 'மாஸ்க்கரேட்' புதிரை விடுவித்தவர்கள் யார் என்று இன்று கேட்டால், சொல்லப்படுவது அவர்கள் பெயர்கள்தான். விடையைப் பார்த்து எழுதியவன் மதிப்பெண் வாங்கலாம். கணக்கு போட்டவன் யார் என்பது வகுப்புக்குத் தெரியும்.

இதே மரபின் புதிய பிள்ளைதான் ஜியோகேச்சிங். 2000ஆம் ஆண்டு மே 2 அன்று அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் நோட்டையும் ஒளித்து வைத்தார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், பெயரை எழுத வேண்டும். கருவி புதிது, நம்பிக்கை பழையது.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் குழந்தைகளை டார்ட்மூருக்கு அழைத்துப் போங்கள். கிரான்மியர் பக்கம் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களம். பயிற்சி நாள்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகாதீர்கள். கைபேசியை நம்பாமல் வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துச் செல்லுங்கள். திசைகாட்டியைக் குழந்தை கையில் கொடுங்கள், நீங்கள் பின்னால் நடங்கள். பெட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.