யானைக் கடிகாரமும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும்



முஸ்லிம்கள் அறிவியலில் முன்னோடிகளாய்த் திகழ்ந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பெருமையுடன் எடுத்துரைக்கின்றோம். எனினும் அம்முன்னோர் எவ்வாறு பணியாற்றினர் என்பதை விளக்குவது குறைவே. பெயரும் ஆண்டும் மட்டும் மனத்தில் பதிந்தால் பெருமிதம் வளரும்; திறன் வளராது. எனவே அவர்களுள் ஒருவரின் பணிமுறையை இங்குக் காண்போம்.

இன்றைய துருக்கியின் தென்கிழக்கிலுள்ள தியார்பக்கிர் நகரில், அர்துகிய மன்னர்களிடம் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணிபுரிந்தவர் இஸ்மாயீல் அல்ஜஸரி. மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பத்திற்கிணங்க, தாம் அமைத்த கருவிகளைக் குறித்து ஒரு நூல் எழுதி 1206 ஆம் ஆண்டு நிறைவுசெய்தார். கடிகாரங்கள், நீர் இறைக்கும் பொறிகள், நீரூற்றுகள் என 50 கருவிகள் அதில் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. உளூச் செய்யும்போது பணியாளர் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பாததால், தானே நீர் வார்க்கும் கருவியையும் அவர் உருவாக்கினார். வணக்கத்தின் ஒரு சிறு தேவையும் அவருக்குப் பொறியியல் வினாவாக அமைந்தது.

அவருடைய படைப்புகளுள் புகழ்பெற்றது யானைக் கடிகாரம். யானையின் வயிற்றுக்குள் நீர்த்தொட்டி இருக்கும். அதில் அடியில் நுண்துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கும். துளை வழியே நீர் மெல்ல ஏறி, அரை மணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்கும்போது அது இழுக்கும் கயிறு, மேலிருந்து ஓர் உலோக உருண்டையை விடுவிக்கும். உருண்டை பாம்பின் வாயில் விழ, அதன் பாரத்தால் பாம்பு கீழே வளையும். அவ்வளைவே கிண்ணத்தை மீண்டும் நீர்மட்டத்திற்குத் தூக்கிவிடும். மூழ்கும் கிண்ணத்தால் நேரம் அளக்கும் முறை இந்தியாவிலும் நெடுங்காலம் வழங்கியதே. நீரால் நேரம் அளக்கும் கருவியைத் தமிழர் நாழிகை வட்டில் என்றனர்.

அல்ஜஸரியின் பணிமுறை இதனினும் கவனிக்கத்தக்கது. செய்து பார்த்து உறுதிப்படுத்தாத தொழில்நுட்ப அறிவு ஐயத்திற்குரியது என்பது அவர் நிலைப்பாடு. சில அமைப்புகளை முதலில் காகித மாதிரிகளாகச் செய்து பார்த்தார். நீர் ஒழுகும் துளைகளை அளந்து அளந்து திருத்தினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவரும் ஏறத்தாழ 100 கருவிகளை விளக்கி நூல் எழுதியிருந்தனர். அல்ஜஸரி அவர்களின் பணியை அறிந்திருந்தார். ஆயினும் அவர்களின் நீரூற்றுகளில் வடிவம் மாறும் இடைவெளி மிகக் குறுகியது எனக் கண்டு, தம் வழியில் வேறு அமைப்பைச் செய்தார்.

முன்னோரைத் திருத்துவது அவமரியாதையன்றோ எனச் சிலர் ஐயுறலாம். மார்க்கச் சட்டங்கள் நமக்கு அறிவிப்பாளர் தொடர் வழியே வந்தவை, அவற்றைப் பின்பற்றுகின்றோம். தொழில் நுணுக்கமோ அனுபவத்தால் அறியப்படுவது. பேரீச்ச மரங்களின் மகரந்தச் சேர்க்கை குறித்த நபிமொழி இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. ஆகவே ஒரு கருவியைச் சோதித்துத் திருத்துவது முன்னோர்க்குச் செய்யும் மரியாதையே.

ஆனால் நம் இல்லங்களில், “படிக்கிற பிள்ளைக்குக் கைவேலை எதற்கு?” எனும் சொல் இன்றும் கேட்கின்றது. நபி தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் கலையைக் கற்பித்ததாக அல்லாஹ் திருக்குர்ஆனில் கூறுகின்றான். அவர்கள் தம் கைகளால் உழைத்தே உண்டார்கள் என்பது நபிமொழி. நம் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். கைவேலையை இழிவாக எண்ணும் பழக்கத்தை நாம் இவர்களிடமிருந்து கற்கவில்லை.

விடுமுறை நாளொன்றில் மகனுக்கும் மகளுக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் ஒரு வாளி நீரும் கொடுங்கள். சிரட்டையின் அடியில் சிறு துளையிட்டு, அது சரியாக ஐந்து நிமிடத்தில் மூழ்குமாறு செய்யச் சொல்லுங்கள். விரைந்து மூழ்கினால் துளையை மெழுகால் சுருக்கட்டும். மூழ்க மறுத்தால் உள்ளே சிறு கல் வைக்கட்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் ஆயிற்று என எழுதிவைக்கட்டும். விடையை முந்திக்கொண்டு நாம் சொல்லிவிடலாகாது. பத்தாம் முறை சரியாக அமையும்போது, அல்ஜஸரி அவர்களுக்குப் பாடப்புத்தகத்தின் ஒரு பெயராக மட்டும் இரார். தம்மைப் போல் துளையை அளந்து திருத்திய ஒரு மனிதராக இருப்பார்.

பயனுள்ள கல்வியையும், அதைச் செயலாக்கும் கைகளையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.