அட்டவணையின் அரசியல்

தரவுத்தளம் கணிப்பொறியோடு பிறந்த சமாச்சாரம் அல்ல. மனிதர்களை வரிசைகளாகவும் அவர்களைப் பற்றிய விவரங்களைப் பத்திகளாகவும் பிரித்தெழுதும் எந்தப் பதிவேடும் தரவுத்தளம்தான். 1970இல் ஐபிஎம்மில் வேலைபார்த்த எட்கர் காட் இதற்குக் கணித வடிவம் தந்தார்: ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம், அதன் வழியே ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்த நான் இதைக் கற்கப் போனது, நண்பர்கள் வன்கொடுமை வாக்குமூலங்களைக் கணினியில் தொகுக்கத் தொடங்கியதால்தான்.

நமக்கு இது புதிதா என்ன? 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பெயர், ஊர், கைரேகை. பதிவேட்டில் ஏறியவன் போலீசின் கண்காணிப்பில் வாழ வேண்டும். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, பதிவை எதிர்த்த கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது; 16 பேர் செத்தார்கள். எழுதப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அங்கே பதிவேட்டின் நோக்கம் வெளிப்படை. ஆம்ஸ்டர்டாமில் அப்படியில்லை. சாதாரண நிர்வாகத்துக்கென நெதர்லாந்து வைத்திருந்த மக்கள் பதிவேட்டில் மதத்துக்கும் ஓர் இடம் இருந்தது. 1940இல் நாஜிகள் வந்தார்கள்; யூதர்களைத் தேடிப்பிடிக்க அது உதவிற்று. 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோந்தேயுஸ் உள்ளிட்ட குழு பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தது. சுமார் 8 லட்சம் அட்டைகளில் 15 சதம்போல்தான் அழிந்தது. ஜூலை 1 அன்று 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நல்ல நோக்கத்தில் சேர்த்த விவரம் நல்லவங்க கையிலேயே இருக்கும்னு யார் உத்தரவாதம் தருவது?

நம் சிக்கல் இன்னும் கடினமானது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நிற்கச் சாதியைப் பதிந்தே ஆக வேண்டும். அந்தப் பத்தியை நீக்கினால் நீதி இல்லை, வைத்தால் ஆபத்து.

ஆகவே மென்பொருள் தேர்வும் அரசியல்தான். எஸ்க்யூலைட் இலவசம், ஒரே கோப்பு, கையோடு எடுத்துப் போகலாம். திருடுபவனுக்கும் அதே வசதி, தானாக அது பூட்டிக்கொள்ளாது. போஸ்ட்கிரெஸ்ஸும் இலவசம், யார் எதைப் பார்க்கலாமென்று ஆளுக்கு ஆள் வரையறுக்கலாம், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும். எதை எடுத்தாலும் பெயர்கள் ஓர் இடத்திலும் வாக்குமூலங்கள் வேறிடத்திலும் இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டப்படட்டும். வழக்கு முடிந்தபின் எதை அழிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே, சொன்னவர்களிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017இல் சொன்னது. அரசிடம் அதைக் கேட்கும் நாம், நம்மை நம்பி வாய் திறந்தவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறோமா?