போன வருஷம் போட்ட கேஸ் எங்கே?

மலர்க் குழுவினர் என்னிடம், "உங்க தொழிலைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க" என்று கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. ஏசி ரிப்பேருக்கு ஏது வரலாறு? பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வரலாற்றை எனக்கு முதலில் சொன்னவரே இந்தக் கல்லூரியில் குளிர்பதனவியல் நடத்திய எங்கள் பேராசிரியர்தான்.

முதல் வகுப்பிலேயே, "ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அது எதோட எடை?" என்று கேட்டார். "மெஷினோட எடை சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. "விடையைத் திருவல்லிக்கேணியில் தேடு" என்றார் சார்.

அங்கே கடற்கரை ஓரம் இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்கு வந்த முதல் சரக்கு நாலு மாதம் கடலில் கிடந்தும் பெரும்பகுதி கரையாமல் வந்து சேர்ந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் இதே கட்டடத்தில்தான். அதனால்தான் இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர்.

ஐஸ் போய்விட்டது, அதன் அளவு மட்டும் தங்கிவிட்டது. ஒரு அமெரிக்க டன் ஐஸ், அதாவது சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் நம்முடைய 'ஒரு டன்'. ஒன்றரை டன் ஏசி முழுத் திறனில் நாள் முழுக்க ஓடினால் 1,360 கிலோ ஐஸின் வேலையைச் செய்கிறது!

1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக முதல் நவீன ஏசியை வடிவமைத்தார். மனிதர்களுக்காக அல்ல, காற்றின் ஈரத்தில் காகிதம் உப்பிப் போகாமல் இருப்பதற்காக! அந்தக் காலக் குளிர்பதன வாயுக்களில் பல நச்சு வாயுக்கள். 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் நச்சும் இல்லாத, தீயும் பற்றாத சி.எஃப்.சி. வாயுக்களைக் கண்டறிந்தார்கள். வீட்டுக்குள் ஏசி நுழைய வழி பிறந்தது. அந்த வாயுக்களால் ஒரு கெடுதலும் இல்லை என்றே ரொம்ப காலம் எல்லோரும் நம்பினோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். படிப்பு முடித்துச் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்தேன். ஓய்வுபெற்ற சார் திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். வீட்டில் ஒரு ஜன்னல் ஏசி. 1990 ஏப்ரலில் கூப்பிட்டார். காயிலில் ஐஸ் கட்டியிருந்தது, அறை குளிரவில்லை. "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று சொல்லி ஆர்-22 நிரப்பினேன். 1991-லும் அதே கதை. 1992-லும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

சார் காபியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, இது மூடின சுற்றுதானே? பெட்ரோல் மாதிரி எரிஞ்சா போகுது? போன வருஷம் போட்ட கேஸ் எங்கே?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓட்டையைத் தேடாமல், மூன்று வருடமாகக் காசு வாங்கியிருக்கிறேன், அதுவும் பாடம் சொல்லிக்கொடுத்தவரிடமே!

அன்று ஏசியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். வெளிப்பக்கக் காயிலின் வளைவு ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு அப்பியிருந்தது. கேஸோடு எண்ணெயும் கசியும், அதுதான் அடையாளம். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினேன். பொடிப்பொடியாகக் குமிழி. உப்புக் காற்று அரித்த இடம். பிரேஸிங் வைத்து அடைத்து, வேக்குவம் போட்டு, கேஸை எடை பார்த்து நிரப்பினேன். அந்தத் தடவை காசு வாங்கவில்லை. அடுத்த கோடைக்குச் சாரிடமிருந்து அழைப்பே வரவில்லை.

அதே 1992-இல்தான் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. ஆர்-22 ஓசோனையும் அரிக்கிறது, கரியமில வாயுவைப் போல் சுமார் 1,800 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது என்று பிறகு படித்தேன். குளிர வைக்கப் போன நான் எத்தனை கிலோவை வானத்துக்கு அனுப்பினேனோ!

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். காயிலில் ஐஸ் கட்டினால் உடனே கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். ஃபில்டரில் தூசு அடைத்தாலும் ஐஸ் கட்டும். ஃபில்டரைக் கழுவிப் போட்டாலே பாதிப் புகார் தீரும். கசிவு பார்க்க நைட்ரஜன் மட்டுமே. ஆக்ஸிஜன் ஏற்றினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். 2025 ஜனவரி முதல் இந்தியாவில் புதிய ஏசிகள் தயாரிக்க ஆர்-22 வகை வாயுக்களைப் பயன்படுத்துவதில்லை. இப்போது வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் கேஸின் உறவுக்காரன். கசிவைக் கண்டுகொள்ளாமல் நிரப்பிவிட்டுப் போன எங்கள் பழைய பழக்கம் இனி உயிருக்கே உலை வைக்கும். பழைய ஆர்-22 மெஷினில் இவற்றை நிரப்பிப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.

சார் இன்று நம்மிடையே இல்லை. என் கடைப் பையன்கள் "கேஸ் போடணும் சார்" என்று வந்து நிற்கும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். பதில் தெரிந்த பிறகே சிலிண்டர் கடையை விட்டு வெளியே போகும்.